பழைய கார், எக்ஸ்டெண்டட் வாரண்டி: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஒன்பது வருடம் சர்வீஸ் அட்வைசராக இருந்தேன். ஜாப் கார்டு (வண்டியின் கோளாறையும் செய்ய வேண்டிய வேலையையும் பதியும் தாள்) எழுதுவது, எஸ்டிமேட் போடுவது, வாரண்டி க்ளெய்ம் அனுப்புவது, அது திரும்பி வந்தால் வண்டிக்காரரைக் கூப்பிட்டுச் சொல்வது எல்லாம் என் வேலை. அந்தக் கடைசி வேலைதான் மனசுக்குக் கஷ்டம். அப்படித் திரும்பி வந்த க்ளெய்ம்களில் பாதிக்கு மேல், வாங்கும் நாளிலேயே ஒரு பக்கத்தைப் படித்திருந்தால் தவிர்த்திருக்கக் கூடியவை என்பது என் அனுபவம்.

இப்போது சொந்தக்காரர்களும் பழைய வாடிக்கையாளர்களும் போன் செய்து கேட்கிறார்கள். ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

கார் இன்சூரன்ஸ் இருக்கே, அப்புறம் வாரண்டி எதுக்கு? ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. வெளியிலிருந்து வரும் சேதத்துக்கு இன்சூரன்ஸ்: விபத்து, திருட்டு, தீ, வெள்ளம். வண்டிக்குள் தானாக ஒரு பாகம் கெட்டுப்போனால் வாரண்டி. ஏசி கம்ப்ரஸர் நின்றுபோனால் இன்சூரன்ஸ் பைசா தராது. எதிரே வந்த லாரி இடித்து அதே கம்ப்ரஸர் உடைந்தால் வாரண்டி தராது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம் உண்டு, அதில் பலர் விழுகிறார்கள். மழைத் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து, இன்ஜினுக்குள் தண்ணீர் போய் கனெக்டிங் ராடு வளைந்துவிட்டால், அதை வாரண்டி ஏற்காது. சாதாரண இன்சூரன்ஸ் பாலிசியும் பெரும்பாலும் ஏற்காது. ‘இன்ஜின் புரொடெக்ட்’ என்ற கூடுதல் கவர் போட்டிருந்தால்தான் பணம் வரும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் கார் வைத்திருந்தவர்களுக்கு இது புரியும். சென்னை வண்டி வாங்குகிறவர்கள் வாரண்டிக்கு முன்னால் இந்தக் கவரை விசாரியுங்கள்.

பழைய வண்டிக்கு என்னென்ன வாரண்டி கிடைக்கும்?

முதல் வகை, கார் கம்பெனி புது வண்டிக்குக் கொடுத்ததில் மிச்சம் இருப்பது, அல்லது முதல் ஓனர் காசு கட்டி நீட்டித்தது. இரண்டாவது, ட்ரூ வேல்யூ, ஹெச் பிராமிஸ், யூ டிரஸ்ட் போல கார் கம்பெனிகளே நடத்தும் பழைய கார் கடைகள், சோதித்துச் சான்று கொடுத்த வண்டிகளுக்குத் தருவது. மூன்றாவது, ஆன்லைனில் பழைய கார் விற்கும் நிறுவனங்களும் தனி வாரண்டி கம்பெனிகளும் விற்பது.

என் வரிசையும் இதுதான். முதல் வகை கிடைத்தால் வேறெதையும் பார்க்க வேண்டாம். ஒரிஜினல் பார்ட்ஸ் போடுவார்கள், நாடு முழுக்க அந்த கம்பெனியின் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் செல்லும். மூன்றாவது வகையில் நல்லவையும் உண்டு, ஆனால் வாரண்டிப் பத்திரத்தை வரிவரியாகப் படிக்க வேண்டும்.

மிச்ச வாரண்டியைக் கணக்கிடும்போது மாடலை வைத்து ஊகிக்காதீர்கள், வண்டி விற்ற தேதியைப் பாருங்கள். உதாரணத்துக்கு, மாருதி 2024 ஜூலையில்தான் தன் வழக்கமான வாரண்டியை 2 வருடம் அல்லது 40,000 கிலோமீட்டர் என்பதிலிருந்து 3 வருடம் அல்லது 1,00,000 கிலோமீட்டராக உயர்த்தியது. 2024 மே மாதம் வாங்கிய வண்டிக்கும் அதே வருடம் ஆகஸ்டில் வாங்கிய வண்டிக்கும் இதனால் பெரிய வித்தியாசம் உண்டு. வருடம், கிலோமீட்டர் இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதோடு வாரண்டியும் முடியும்.

முதல் ஓனர் போட்ட எக்ஸ்டெண்டட் வாரண்டி எனக்கு வருமா அண்ணா?

பெரும்பாலும் வரும், தானாக வராது. அந்த வாரண்டி சேஸிஸ் நம்பரோடு பதிவாகியிருக்கும். வாங்கும் முன்பே அந்த கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கு ஆர்சி நகலோடு போய், “இந்த வண்டிக்கு வாரண்டி எந்தத் தேதி வரை, எத்தனை கிலோமீட்டர் வரை?” என்று கேளுங்கள். கம்ப்யூட்டரில் பார்த்து இரண்டு நிமிடத்தில் சொல்வார்கள். பெயர் மாற்றத்துக்குக் கட்டணமோ கால வரம்போ இருந்தால் அப்போதே கேட்டுவிடுங்கள்.

எலெக்ட்ரிக் கார் வாங்குகிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பேட்டரிக்கு ‘ஆயுள் முழுக்க வாரண்டி’ என்று விளம்பரம் செய்யும் சில மாடல்களில் அந்தச் சலுகை முதல் ஓனருக்கு மட்டும். எம்ஜி வின்ட்ஸர் அப்படித்தான். கை மாறியதும் அது வருடக்கணக்குக்கு மாறிவிடும்.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆர்சி பெயர் மாற்றத்துக்கு வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்டிஓவில் விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். மாற்றாவிட்டால் அடுத்தவருக்கான தேர்ட் பார்ட்டி கவர் மட்டும் தொடரும், உங்கள் வண்டியின் சேதத்துக்குக் கேட்கப்போனால் சிக்கல்தான். பழைய ஓனரின் நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் கேட்காத வருடங்களுக்கான பிரீமியத் தள்ளுபடி) அவரோடு போய்விடும், உங்களுக்கு வராது.

எதெல்லாம் கவர் ஆகும்? ‘பம்பர் டு பம்பர்’னு சொன்னாங்களே?

வண்டி முழுக்க கவர் என்ற அர்த்தத்தில் சொல்லும் அந்த வார்த்தையைக் கேட்டதும் பத்திரத்தின் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். எதற்கெல்லாம் கிடைக்காது என்று அங்கேதான் இருக்கும். நான் மேலே சொன்ன அந்த ஒரு பக்கம் இதுதான். விலை பேசுவதற்கு முன் இதைப் படிக்கச் சொல்லித்தான் யார் போன் செய்தாலும் கெஞ்சுகிறேன்.

பத்திரங்கள் இரண்டு மாதிரி எழுதப்படும். கவர் ஆகும் பாகங்களைப் பட்டியல் போட்டிருந்தால், பட்டியலில் இல்லாத எதற்கும் பணம் இல்லை. கவர் ஆகாதவற்றைப் பட்டியல் போட்டிருந்தால், மற்றதெல்லாம் கிடைக்கும். இரண்டாவது மாதிரிதான் நமக்கு நல்லது. முதல் மாதிரியில் ‘இன்ஜின்’ என்று ஒரு வார்த்தை இருந்தால் போதாது. டர்போ, இன்ஜெக்டர், ஃப்யூயல் பம்ப், ஈசிஎம் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) என்று தனித்தனியாகப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜினுக்குக் கவர் உண்டு, அதன்மேல் மாட்டியிருக்கும் டர்போவுக்கு இல்லை என்று திரும்பி வந்த க்ளெய்மை நானே கையில் வாங்கியிருக்கிறேன்.

தேய்மானப் பொருட்களுக்குப் பெரும்பாலும் கிடைக்காது: டயர், பிரேக் பேட், வைப்பர், பல்ப், ஃபில்டர், ஆயில், 12 வோல்ட் பேட்டரி, சஸ்பென்ஷன் புஷ். கிளச் பிளேட்டும் இதில்தான் சேரும், அதில்தான் நிறைய சண்டை வரும். பிளேட் தேய்ந்தால் உங்கள் செலவு. கிளச்சை இயக்கும் ஆக்சுவேட்டர் கெட்டால் வாரண்டி. ஏஎம்டி (கிளச்சையும் கியரையும் தானே இயக்கும் ஆட்டோமேட்டிக்) வண்டிகளில் இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், எது முதலில் போனது என்று ஒர்க்‌ஷாப்காரர் எழுதுவதைப் பொறுத்தே க்ளெய்ம் நிற்கும்.

எவ்வளவு காசு கொடுக்கலாம்? லாபமா நஷ்டமான்னு எப்படிப் பாக்குறது?

நான் போடும் கணக்கு இது. நீங்கள் வாங்கப் போகும் மாடலில் கெட்டுப்போகக் கூடிய விலை உயர்ந்த இரண்டு பாகங்கள் எவை என்று அந்த கம்பெனி ஒர்க்‌ஷாப்பிலும் உங்கள் ஊர் மெக்கானிக்கிடமும் கேளுங்கள். மாற்ற என்ன ஆகும் என்று வேலைக்கூலியோடு எழுதி வாங்குங்கள். பிறகு பத்திரத்தில் மூன்று எண்களைத் தேடுங்கள்: ஒரு க்ளெய்முக்கு அதிகபட்சம் எவ்வளவு, மொத்தத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு, உங்கள் பங்கு எவ்வளவு.

ஒரு வாரண்டி 16,000 ரூபாய், 18 சதவீத வரியோடு 18,880 என்று வைத்துக்கொள்வோம். ஒரு க்ளெய்முக்கு வரம்பு 25,000. டர்போ மாற்ற 60,000 ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் டர்போ போனாலும் உங்கள் கையிலிருந்து 35,000 போகும், வாரண்டிக்குக் கட்டியது தனி. அதே விலையில் வரம்பு 75,000 இருந்தால் யோசிக்காமல் எடுக்கலாம். ஓடிய கிலோமீட்டருக்கு ஏற்ப பார்ட்ஸ் விலையில் ஒரு சதவீதத்தைக் கழித்துக்கொள்ளும் பத்திரங்களும் உண்டு, அந்தக் கழிவையும் கணக்கில் சேருங்கள்.

எங்க வீட்டுக்கு சாதாரண பெட்ரோல் வண்டி, மேனுவல் கியர். அதுக்கும் எடுக்கணுமா?

டர்போ இல்லாத சின்ன பெட்ரோல் இன்ஜின், மேனுவல் கியர், ஒழுங்காக சர்வீஸ் ஆன வண்டி என்றால் நான் எடுக்க மாட்டேன். வாரண்டிக்கு ஆகும் பணத்தைத் தனியாக வங்கியில் போட்டு வையுங்கள். பார்ட்ஸ் மலிவு, எந்த ஊரிலும் கிடைக்கும், எல்லா மெக்கானிக்குக்கும் கை பழகியது.

டூயல் கிளச், சிவிடி போன்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், டர்போ டீசல், சன்ரூஃப், பெரிய டச் ஸ்கிரீன் உள்ள வண்டிகள் என்றால் கண்டிப்பாக எடுங்கள். டூயல் கிளச்சில் கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக் யூனிட் ஒன்று போனால் ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு காணாமல் போய்விடும்.

வாங்கின இருபது நாள்ல கெட்டுப்போச்சு. ‘ஏற்கெனவே இருந்த கோளாறு’ன்னு சொல்றாங்க. இது நியாயமா?

இது என் தங்கைக்கே நடந்தது. ஏஎம்டி கியர் உள்ள ஹேட்ச்பேக், ஒரு வருட வாரண்டியோடு வாங்கினாள். 22வது நாள் காந்திபுரம் சிக்னலில் முதல் கியர் விழவில்லை. பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள், டிஸ்பிளேயில் கியர் எண் மட்டும் மினுக்குகிறது, ஆக்சிலரேட்டர் மிதித்தால் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. ஸ்கேனர் மாட்டிப் பார்த்தபோது அதே கோளாறுக்கான எரர் கோடு (கோளாறைக் குறிக்கும் எண்) வண்டியின் மெமரியில் பலமுறை பதிவாகியிருந்தது. அதைக் காட்டியே ‘வாங்கும் முன்பே இருந்தது’ என்று மறுத்தார்கள். அதோடு, முதல் 30 நாளுக்கு க்ளெய்ம் இல்லை என்ற வரியும் பத்திரத்தில் இருந்தது. பில் 41,000 ரூபாய். வாங்கும்போது நான் கூட இருந்திருந்தால் இதை விட்டிருக்க மாட்டேன் என்று இன்றைக்கும் மனசு அடித்துக்கொள்கிறது.

அதனால் இதைக் கட்டாயம் செய்யுங்கள். டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் முன், விற்பவரைச் சேராத ஒரு மெக்கானிக்கை வைத்து ஸ்கேனர் மாட்டி, கோடு எதுவும் இல்லை என்று தேதி, கிலோமீட்டரோடு பிரிண்ட் எடுங்கள். கோடுகளை அழித்துவிட்டுக் காட்டுவார்கள் என்பதால் ஸ்கேன் செய்யும் முன் குறைந்தது இருபது கிலோமீட்டர் ஓட்டிவிடுங்கள். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்வதை செல்போனில் வீடியோ எடுங்கள். இப்படி க்ளெய்ம் கிடைக்காத காத்திருப்புக் காலம் இருந்தால், அந்த நாட்களில் வரும் கோளாறுக்கு விற்பவரே பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள்.

கிலோமீட்டரைக் குறைச்ச வண்டின்னு தெரியாம வாங்கிட்டேன். வாரண்டி செல்லுமா?

செல்லாது. மீட்டரில் கை வைத்தது தெரிந்தால், யார் செய்திருந்தாலும் வாரண்டி ரத்து என்று எல்லாப் பத்திரங்களிலும் இருக்கும். வாரண்டி நிலையைக் கேட்கப் போகும்போதே சர்வீஸ் ஹிஸ்டரியையும் கேளுங்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் பதிவான கிலோமீட்டர் ஏறிக்கொண்டே வர வேண்டும். 2021இல் 68,000 என்றிருந்து இன்று மீட்டர் 52,000 காட்டினால் அந்த இடத்தை விட்டுக் கிளம்பிவிடுங்கள்.

வாரண்டி இருந்தா எங்க ஏரியா மெக்கானிக்கிட்ட சர்வீஸ் விடக் கூடாதா? அவர் இருபது வருஷப் பழக்கம்.

2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு அபராதம் விதித்த உத்தரவில், வெளி மெக்கானிக்கிடம் போனாலே வாரண்டி ரத்து என்று மொத்தமாக நிபந்தனை போடக் கூடாது என்றும் சொன்னது. அந்த உத்தரவின் மேல் கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போனார்கள். ஆகவே அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

வாரண்டி ஓடும் காலம் வரை பீரியாடிக் சர்வீஸை கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் விடுங்கள். பழகிய மெக்கானிக்கிடம் டயர், பிரேக், சில்லறை வேலைகளுக்குப் போகலாம். எங்கே விட்டாலும் பில் வேண்டும்: தேதி, கிலோமீட்டர், ஆயிலின் கிரேடு, ஃபில்டர் எல்லாம் அச்சில். பில் இல்லாத ஆயில் சேஞ்ச் க்ளெய்ம் நேரத்தில் நடக்காத ஆயில் சேஞ்ச்தான். சர்வீஸ் தள்ளிப்போவதும் ஆபத்து, எவ்வளவு தாமதத்தை மன்னிப்பார்கள் என்பது பத்திரத்தில் இருக்கும்.

வெளியில சிஎன்ஜி கிட் போட்டிருக்கு. பரவாயில்லையா?

கம்பெனி ஃபிட்டிங் சிஎன்ஜி என்றால் கேட்டு எடுக்கலாம். வெளியில் போட்டதென்றால் இன்ஜின், ஃப்யூயல், எலெக்ட்ரிகல் மூன்றுக்கும் வாரண்டியை மறந்துவிடுங்கள். வயரை வெட்டிப் போட்ட ஹெட்லைட், ஹாரன், ஸ்டீரியோவுக்கும் இதே கதி. வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டினாலும் வாரண்டி போகும், இன்சூரன்ஸும் சேர்ந்து போகும்.

வண்டி ரோட்டுல நின்னுடுச்சு. முதல்ல என்ன பண்ணணும்?

ஓட்டாதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. பல்லடத்திலிருந்து ஒரு அம்மா, மகளை டியூஷனிலிருந்து கூட்டி வர, டெம்பரேச்சர் விளக்கு சிவப்பாக எரிந்தும் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டி வந்தார். கூலண்ட் டேங்க் காய்ந்து கிடந்தது, ஹோஸ் மாட்டும் இடத்தில் வெளிறிய ரோஸ் நிறத்தில் உப்புப் போல படிந்திருந்தது. சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி மேசையில் வைத்து, அதன்மேல் ஸ்டீல் ஸ்கேலை நேராக வைத்தபோது நடுவில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) தடையில்லாமல் உள்ளே போனது. ஹெட் வளைந்துவிட்டது. கசிந்த ஹோஸ் சில நூறு ரூபாய்ப் பொருள். எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகும் ஓட்டியதால் ஹெட்டுக்கு வாரண்டி மறுக்கப்பட்டது. விளக்கு எரிந்ததும் ஓரம் கட்டியிருந்தால் ஹோஸோடு முடிந்திருக்கும்.

நிறுத்திவிட்டு டேஷ்போர்டைப் போட்டோ எடுங்கள், வாரண்டி நம்பருக்குக் கூப்பிட்டுப் புகார் எண் வாங்குங்கள், டோ செய்து கொண்டுபோங்கள். அங்கே ஜாப் கார்டில் நீங்கள் சொன்ன கோளாறு நீங்கள் சொன்னபடியே எழுதப்பட்டிருக்கிறதா என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வாரண்டி கம்பெனி ஒப்புதல் தருவதற்கு முன் எதையும் பிரிக்க விடாதீர்கள். பிரித்துப் பார்க்காமல் கோளாறு தெரியாது என்றால், க்ளெய்ம் மறுக்கப்பட்டால் பிரித்த கூலி யார் தலையில் என்பதை முதலிலேயே கேளுங்கள். பெரும்பாலும் உங்கள் தலையில்தான்.

டீலர் “நான் இருக்கேன், ஒரு வருஷம் பார்த்துக்கிறேன்”னு சொல்றார். பேப்பர் தரல.

அப்படியானால் வாரண்டி இல்லை. நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் அவர் கடையை மூடினாலோ ஊர் மாறினாலோ யாரைக் கேட்பீர்கள்? எந்தப் பாகம், எத்தனை மாதம், எவ்வளவு ரூபாய் வரை என்று லெட்டர்பேடில் எழுதி, சீல் வைத்து வாங்குங்கள். குறைந்தபட்சம் அவரே அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியாவது இருக்கட்டும்.

2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வாங்கி விற்கும் டீலர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்குபவரின் வாய் வார்த்தையை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

நடுவுல வண்டியை வித்துட்டா வாரண்டிக் காசு திரும்ப வருமா?

சிலர் மீதி மாதங்களுக்குக் கணக்குப் போட்டுத் தருவார்கள், பலர் தர மாட்டார்கள். அதைவிட, அடுத்தவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்து விலையில் சேர்த்துக் கேட்பதே லாபம். முறை, மூன்றாவது கேள்வியில் சொன்னதுதான்.

க்ளெய்மை ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. போன்லதான் சொல்றாங்க. எங்க போறது?

முதலில் மறுப்பை எழுத்தில் கேளுங்கள், பத்திரத்தின் எந்த எண் நிபந்தனைப்படி மறுத்தார்கள் என்பதோடு. இமெயில் போதும். எழுதிக் கேட்டவுடனே சில க்ளெய்ம்கள் மறுபரிசீலனைக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.

அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 50 லட்சம் வரை இருந்தால் அங்கேயே போடலாம், 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை. ஸ்கேன் பிரிண்ட், சர்வீஸ் பில், ஜாப் கார்டு, டேஷ்போர்டு போட்டோ என்று நான் மேலே சேர்க்கச் சொன்னதெல்லாம் இங்கேதான் பேசும்.

பத்திரத்துல ‘எல்லா வழக்கும் டெல்லியில்தான், ஆர்பிட்ரேஷன்தான்’னு போட்டிருக்கு. நான் பொள்ளாச்சியில இருந்து டெல்லிக்கா போறது?

போக வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ஆர்பிட்ரேஷன் (நீதிமன்றத்துக்கு வெளியே நடுவரை வைத்துத் தீர்ப்பது) நிபந்தனை இருக்கிறது என்பதற்காக நுகர்வோர் ஆணையத்தின் கதவை மூட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் உறுதி செய்தது. உங்களுக்குக் கோவை மாவட்ட ஆணையம். மறுப்பு இமெயிலின் தேதியைக் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு வருடக் கணக்குக்கு அந்தத் தேதி தேவைப்படும்.